புதன்கிழமை தடுப்பூசி: பாலக்கோடு பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் எங்கள் அனுபவம்

பெரியவன் 2016-ல் பிறந்தபோது ஓசூரில் இருந்தோம். தனியார் ஆஸ்பத்திரியில் நிமோனியா ஊசிக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் கட்டினோம். வயிற்றுப்போக்கு வராமலிருக்க ரோட்டா சொட்டு மருந்து, அதற்கும் தனிக் காசு. இப்போது சின்னவளுக்கு அந்த இரண்டுமே அம்மா ஊரில் இலவசம். ரோட்டா 2017-லும், பிசிவி என்கிற நிமோனியா ஊசி 2021-லும் தமிழ்நாட்டின் அரசுப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. "சும்மா கிடைக்கிறது மட்டமாத்தான் இருக்கும்" என்று நாத்தனார் இன்னும் முகம் சுளிக்கிறார். அவர் பேரனுக்கு 2 டோஸ் போட்ட செலவில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கலாம்.

6-வது வாரம் இடது தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசி, வலது தொடையில் பிசிவி, வலது கையில் போலியோ ஊசி. வாயில் போலியோ சொட்டும் ரோட்டாவும். அழுகை வெளியே டீக்கடை வரை கேட்டிருக்கும். நர்சம்மா அசரவில்லை. அட்டையில் எழுதி, செல்போனில் பதிந்து, அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்பினார். "நைட்டு சுரம் அடிக்கும் கண்ணு, பயந்துக்காதே. ஊசி போட்ட எடத்துல எண்ணெய் கிண்ணெய் தேய்ச்சுடாதே" என்றார். என் மாமியாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் என்பது என் சந்தேகம்.

குறையும் உண்டு. 9-வது மாதம் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்ஆர் ஊசிக்குப் போனபோது, "இன்னும் ரெண்டு பிள்ளைங்க சேரட்டும், அடுத்த புதன் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். பல குழந்தைகளுக்குப் போடுகிற மருந்து ஒரே குப்பியில் இருக்கும், அதைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும், அது புரிகிறது. ஆனால் ஒரே குழந்தை வந்தாலும் திறக்க வேண்டும் என்பதுதானே விதி? கம்பெனியில் லீவு போட்டு வருகிறவளுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. புதனோடு ஞாயிறும் போட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

மற்றபடி 5-க்கு 4 தாராளமாகக் கொடுப்பேன். பட்டியலில் அடுத்து எதையாவது சேர்ப்பதாக இருந்தால் பொன்னுக்கு வீங்கியைச் சேர்க்கட்டும். எம்ஆரில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான். எம்எம்ஆராக மாற்றினால் மூன்றும் ஒரே ஊசியில் முடிந்துவிடும், குழந்தைக்குக் கூடுதலாக ஒரு குத்துகூடக் கிடையாது.