கோவையில் மொட்டைமாடிச் சாப்பாடு: மாடியை எண்ணாதீர்கள், திசையைக் கேளுங்கள்

மாடி உணவகத்துக்கு போன் போட்டதும் "எத்தனாவது மாடி?" என்று கேட்பதே வழக்கம். கேட்க வேண்டியது, "மேக்கால சுவரோரம் மேசை இருக்குங்களா?" என்றுதான். கோவையில் மலை நிற்பது மேற்கே. பத்தாவது மாடியில் கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரங்களும்தான் தெரியும். மேற்கு மறைக்காத ஐந்தாவது மாடி அதைவிட எவ்வளவோ மேல்.

சூரியன் இறங்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகரும். காந்திபுரத்திலிருந்து பார்த்தால் ஆனியில் மருதமலையை ஒட்டி இறங்கும். பங்குனியில் வெள்ளியங்கிரிப் பக்கம். மார்கழியில் இன்னும் தெற்கே தள்ளி. மார்கழியில் 6 மணி தாண்டியதும், ஆனியில் 6.50 வாக்கிலும் மறையும். அரை மணி முன்பே போய்விடுங்கள். மறைந்த பிறகு வரும் இருபது நிமிடம்தான் உச்சம்: மலை கறுத்து, வானம் சிவந்து, ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் நேரம்.

பழைய கோவையைப் பார்க்க அதிக உயரம் கெடுதல். கண் மட்டத்தைத் தாண்டி உயர்ந்ததுதான் வானத்தில் தெரியும். மற்றதெல்லாம் கூரைகளோடு கலந்துவிடும். டவுன்ஹால் பக்கம் நாலாவது மாடியிலிருந்து கோனியம்மன் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரம் நிமிர்ந்து நிற்கும். உயர உயரப் போனால் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1888இல் முதல் பஞ்சாலை வந்த ஊர் இது. மில் இருந்த நிலங்கள் பல இன்று வணிக வளாகம், அடுக்குமாடி. எங்காவது மில் புகைபோக்கி கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அவினாசி சாலையில் கவனம் தேவை. உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது. பாலத்தை ஒட்டிய இரண்டாம், மூன்றாம் மாடி மேசைகளுக்கு எதிரே ஓடுவது இப்போது வண்டிகள்தான். ஏழாவது மாடிக்கு மேலே போனால் அதே பாலம் இரவில் ஒளிக்கோடாகத் தெரியும். அது தனி அழகு.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் நேராக அடிக்கும். சூப்பும் சாதமும் மேசைக்கு வந்த சில நிமிடத்தில் ஆறிவிடும். பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி வறுவல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த மாதங்களில் மலையை மேகம் மூடியிருப்பதும் சகஜம். ஐப்பசியில் மாலை மழை வரும். கூரை போட்ட பகுதிக்கு மாற்றித் தருவார்களா என்று முன்பதிவிலேயே கேளுங்கள்.

கண்ணாடித் தடுப்பு இருந்தால் இருட்டியதும் உள்விளக்கு அதில் எதிரொளித்து ஊரை மறைக்கும். போன் கேமராவைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கைக்குட்டையால் மறைத்து எடுங்கள்.

சுவரோர மேசைக்குக் குறைந்தபட்ச பில் தொகை உண்டா என்பதையும், லிஃப்ட் கடைசி மாடி வரை போகுமா என்பதையும் கேளுங்கள். பல கட்டடங்களில் கடைசி மாடிக்குப் படிதான். முட்டிவலிப் பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் இதை முதலில் கேட்பது நல்லது.