நொடிமுள்ளும் மற்ற முட்களும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு பொருளை வாங்கிய முதல் வாரத்தில் அதைப் பற்றி எழுதுவது எளிது. புதிதில் எல்லாமே நல்ல பிள்ளைகளாகத்தான் இருக்கின்றன. நான் எழுதப்போவது ஆறு ஆண்டுகளாகக் கூடவே இருந்து பழகிய பொருள்களைப் பற்றி. இவற்றில் எதுவும் முழுதாகக் கெட்டுப்போகவில்லை. அதுதான் என் புகாரே. அடியோடு கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடலாம். பத்தில் ஒன்பது முறை ஒழுங்காக வேலை செய்வதை என்ன செய்வது? தூக்கிப் போடவும் மனம் வராது, பத்தாவது முறை பல்லைக் கடிக்காமல் இருக்கவும் முடியாது.

முதலில் படுக்கையறைச் சுவர்க்கடிகாரம். சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம், ஒற்றை பேட்டரியில் ஓடுவது. நேரம் காட்டுவதில் குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அந்த எண்ணை 15 முறை பாதிப் பாதியாகக் குறைத்து, நொடிக்கு ஒரே ஒரு துடிப்பாக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நொடிமுள் ஒரு கட்டம் தாவி நிற்கிறது. அந்தத் தாவலில் பிறப்பதுதான் ‘டிக்’. இத்தனை நுட்பமான கணக்கும் கடைசியில் என் தூக்கத்தைக் கெடுக்கும் ஒலியாக வந்து முடிகிறது.

வேடிக்கை என்னவென்றால், முதல் இரண்டு ஆண்டுகள் இந்த ஒலி என் காதில் விழவே இல்லை. ஒருநாள் இரவு மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. அப்போது கேட்டேன். அன்று கேட்டதுதான், பிறகு மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் அதன் அடியில் அந்த ‘டிக்’ கேட்டுக்கொண்டே இருந்தது. அதே அறையில் படுத்திருப்பவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்பது எரிச்சலை இரட்டிப்பாக்கியது. கடிகாரத்தைக் கழற்றித் துணி அலமாரிக்குள் வைத்தேன். அங்கிருந்தும் கேட்டது, அல்லது கேட்பதாக நினைத்தேன். சுவரோடு ஒட்டியிருக்கும்போது சுவரும் சேர்ந்து அதிர்கிறது என்று புரிந்தபின், பின்புறம் நான்கு மூலைகளிலும் ரப்பர் துண்டுகளை ஒட்டினேன். ஓரளவு பலன் உண்டு. கடிகாரத்தின் கைகளுக்கு ‘முள்’ என்று பெயர் வைத்தவர் அதைத் தலைமாட்டில் மாட்டித் தூங்க முயன்றவராகத்தான் இருக்க வேண்டும்.

பேட்டரி தளரும்போது இன்னொரு கூத்து. நொடிமுள் ஒன்பதாம் எண்ணுக்கு அருகில் வந்து, மேலே ஏற முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். எப்போதும் ஏன் ஒன்பதிலேயே என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முள் தன் எடையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒன்பதில் அது படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கேதான் சுமை மிக அதிகம். வலுவிழந்த பேட்டரி சரியாக அந்த இடத்தில் தோற்கிறது. ஒலி மட்டும் நிற்பதில்லை. நேரம் காட்டும் வேலையை விட்டுவிட்டு, தொந்தரவு செய்யும் வேலையை மட்டும் தொடர்கிற கடிகாரம் அது. அந்த நிலையில் கோபத்தோடு சில மாதங்கள் அப்படியே விட்டதில் ஆல்கலைன் பேட்டரி கசிந்து, உள்ளே வெள்ளையாகப் பூத்துவிட்டது. கசிவது காரம் (அமிலத்துக்கு எதிரானது) என்பதால், அமிலமான வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன், சுத்தமாயிற்று. தவறு என்னுடையது. நின்ற கடிகாரத்தில் பேட்டரியை விட்டுவைக்கக் கூடாது.

அடுத்து, தொலைக்காட்சி ரிமோட். ஒலியைக் குறைக்கும் பொத்தான் மட்டும் மூன்றாம் ஆண்டிலிருந்து முரண்டு பிடிக்கிறது. கூட்டும் பொத்தான் பூப்போல வேலை செய்யும். எனவே விளம்பரம் வந்து வீடே அதிரும்போது, கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். பேட்டரியை மாற்றினேன், கழற்றிச் சுழற்றினேன், தொடையில் தட்டினேன். தட்டினால் சரியாகும் என்ற நம்பிக்கை எல்லா வீட்டிலும் உண்டு போலும். கடைசியில் திருகைக் கழற்றித் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பொத்தான்கள் எல்லாம் ஒரே ரப்பர் விரிப்பு, ஒவ்வொன்றின் அடியிலும் மின்சாரம் கடத்தும் கரிப் பொட்டு ஒன்று. அதிகம் அழுத்திய இடத்தில் எண்ணெய்ப்பசை சேர்ந்து, பொட்டு சரியாகத் தொடவில்லை. சீக்கிரம் ஆவியாகிவிடும் துடைப்புத் திரவமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். எட்டு மாதம் ஓடியது. மீண்டும் துடைத்தேன், நான்கு மாதம். ரிமோட் முழுக்கவே வேலை செய்யவில்லை என்றால், அதன் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் மினுங்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

கைபேசியின் சார்ஜரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேபிளைச் செருகினால் நிற்காமல் நழுவும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஏறும், மூச்சு விட்டால் அறுந்துபோகும். கேபிள் மட்டம் என்று முடிவு கட்டி அடுத்தடுத்து மூன்று மாற்றினேன். குற்றவாளி கேபிள் அல்ல, என் சட்டைப்பை. பையிலிருந்த பஞ்சுத்தூசு கைபேசியின் சார்ஜ் துளைக்குள் புகுந்து, ஒவ்வொரு முறை செருகும்போதும் அடியில் அழுந்தி, கெட்டியான மெத்தையாக உட்கார்ந்திருந்தது. கைபேசியை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். (உலோக ஊசி வேண்டாம்.) வந்த தூசைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அதன்பின் ‘டக்’கென்று பிடிக்கிறது.

தொட்டால் வெல்வெட்டு போல இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய ஹெட்போனைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த மேல்பூச்சு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை. காற்றின் ஈரம் பட்டுப்பட்டுச் சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்கிவிடும், பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் தப்பாது. பாடுவதில் இன்றும் குறையில்லை. கையில் எடுக்கத்தான் அருவருப்பாக இருக்கிறது. மழமழப்பான வெறும் பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

துணி துவைக்கும் எந்திரம். துவைப்பதில் பத்துக்குப் பத்து. ஆனால் முடித்ததும் ஒரு பாட்டுப் பாடும். முதல் மாதம் அது பாடியதும் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் ஆண்டில் எவரும் சிரிப்பதில்லை. ஐந்தாம் ஆண்டில், தொலைபேசியில் முக்கியமான பேச்சு நடக்கும்போது சரியாக அது பாடத் தொடங்கும் என்பதை இயற்கை விதியாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். வேறு எதையோ தேடும்போது அதன் கையேடு கிடைத்தது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் ஒலியை நிறுத்திவிடலாம் என்று அதில் இருந்தது. ஐந்து ஆண்டுகள் பொறுத்துக்கொண்டது மூன்று நொடி வேலை! அன்றே நிறுத்தினேன். வீடு அமைதியானது.

அடுத்த வாரமே ஈரத்துணியை உள்ளே மறந்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தேன். முடை நாற்றம். மறுபடி துவைத்தேன். அதற்கடுத்த வாரமும் அதே கதை. துவைத்ததையே துவைத்துச் சலித்து, இப்போது பாட்டைத் திரும்ப இயக்கியிருக்கிறேன். ஒலி அளவைக் குறைக்க வழி உண்டா என்று கையேட்டை இரண்டு முறை புரட்டிவிட்டேன். இல்லை.