நேசமணியும் டென்னிசும்: நாகர்கோவிலின் இரு உறுப்பினர்கள்

முன்பிருந்த நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் அதிகம் பேசப்படுபவர் மார்ஷல் நேசமணி. நெடுங்காலம் உறுப்பினராக இருந்தவர் என். டென்னிஸ். வழக்கறிஞரான நேசமணி 1952, 1962, 1967 தேர்தல்களில் வென்றார் என்றாலும், அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைவதற்கு முன்னின்று போராடியதே அவர் பெயரை நிலைநிறுத்தியது.

டென்னிசுக்கு அப்படியொரு போராட்டம் வாய்க்கவில்லை. ஆனால் 1980 முதல் 1998 வரை நடந்த ஆறு பொதுத்தேர்தல்களிலும் அவரே வென்றார். 1996இல் கைச் சின்னத்தை விட்டு, மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசுக்காகச் சைக்கிள் சின்னத்தில் நின்று பெற்ற வெற்றிக்குத் திமுக கூட்டணி அலையும் காரணம் எனலாம். 1998இல் அதே கூட்டணி மாநிலமெங்கும் சரிந்தபோதும் அவர் வென்றதை, ஆளைப் பார்த்து விழுந்த வாக்கு என்றே கொள்ள வேண்டும்.