பழைய ஃபெர்ரியை எப்போது நிறுத்துவது? நியூயார்க்கும் வாஷிங்டன் மாநிலமும்

வயதான பயணிகள் கப்பலை ஓய்வுக்கு அனுப்ப இரு வழிகள் உண்டு. புதியது துறைக்கு வந்து சேரும்வரை பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது ஒன்று. பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாத நிலையில் நிறுத்திவிட்டுப் புதியதற்குக் காத்திருப்பது மற்றொன்று.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுச் சேவை முதல் வழியில் சென்றது. 1965-இல் ஓடத் தொடங்கிய 'ஜான் எஃப். கென்னடி', மாற்றுக் கப்பலான 'மைக்கேல் எச். ஓலிஸ்' நகரத்தை வந்தடைந்த 2021 ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றது. புதிய கப்பல்களைக் கட்டிய ஃபுளோரிடா தளத்தை 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் தாக்கி, கால அட்டவணை தள்ளிப்போனபோதும், பழையது கைவசம் இருந்ததால் சேவை தடுமாறவில்லை. காற்றாட உட்காரக் கென்னடியில் இருந்த திறந்தவெளி இருக்கைகளைப் பயணிகள் மிகவும் விரும்பினார்கள்; புதிய வகைக் கப்பல்களின் மேல்தளத்தில் திறந்தவெளி நடைபாதை அமைந்திருக்கிறது. ஆனாலும் புதியது என்பதே உத்தரவாதம் ஆகிவிடாது: அதே வகையைச் சேர்ந்த 'சாண்டி கிரவுண்ட்', சேவைக்கு வந்த 2022-ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே இயந்திர அறையில் தீப்பிடித்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட பயணிகளை நடுவழியில் வேறு படகுகளுக்கு மாற்ற நேர்ந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் கதை வேறு. அங்கு 2018-இல் வந்த 'சுக்வாமிஷ்' கப்பலுக்குப் பின் புதிய கப்பல் எதுவும் தயாராகாத நிலையில், 1967-இல் கட்டப்பட்ட வகையைச் சேர்ந்த 'ஹையாக்' 2019-இலும் 'எல்வா' 2020-இலும் நிறுத்தப்பட்டன. எல்வாவை நிறுத்தியதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. துருவேறிய எஃகைச் சீர்செய்யக் கோடிக்கணக்கான டாலர்களை அந்தப் பழைய கப்பலில் கொட்டுவதில் பயனும் குறைவே. ஆனால் அதற்கு விலை கொடுத்தது கனடாவின் சிட்னி என்ற சிற்றூருக்குச் செல்லும் பாதை. எல்லை கடந்து செல்வதற்கான சர்வதேசப் பாதுகாப்புச் சான்று எல்வாவுக்கு இருந்தது. அக்கப்பல் போனபின் மாற்று ஏற்பாட்டுக்கு இடமே குறுகிவிட்டது. பெருந்தொற்றால் 2020-இல் நின்ற அச்சேவை இன்னும் மீளவில்லை. பணியாளர் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டதால் உள்ளூர்ப் பாதைகளிலும் நடைகள் குறைக்கப்பட்டன.

எனவே என் கணிப்பில் நியூயார்க்கின் முறையே மேலானது, ஆனால் அதிலும் ஒரு திருத்தம் தேவை: மாற்றுக் கப்பல் வந்து சேர்ந்த நாளை அல்ல, அது ஒரு குளிர்காலம் முழுவதும் தடையின்றி ஓடி முடித்த நாளைத்தான் பழையதன் ஓய்வு நாளாகக் குறிக்க வேண்டும். அதுவரை ஒரு பழைய கப்பலைக் கையிருப்பாக வைத்திருப்பதற்கான எஃகுவேலைச் செலவைப் புதிய கப்பலின் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், நிதி ஒதுக்கீட்டில் அதைத் தனியே வாதாட வேண்டியிராது. அப்படிக் கையிருப்புக் கப்பல் இல்லாத வாஷிங்டனிலோ, 1959-இல் கட்டப்பட்ட 'டிலிக்கம்' டீசலாலும் மின்கலத்தாலும் இயங்கும் புதிய கலப்பின மின்சாரக் கப்பல்களுக்காக இன்னும் ஓடிக்கொண்டே காத்திருக்கிறது.