தாய்லாந்தின் 30 பாட் மருத்துவத் திட்டம்: ஒரு மதிப்புரை

தொலைத்தொடர்புத் தொழிலில் பெரும் பணம் ஈட்டிய தக்சின் சினவத்ரா 2001-இல் தாய்லாந்துப் பிரதமரானதும் கொண்டுவந்த 30 பாட் மருத்துவத் திட்டத்தை ஒரு சேவையாக எடைபோட்டுப் பார்த்தால், கோடீசுவரர் ஒருவரை ஏழைகள் ஏன் தங்கள் தலைவராக ஏற்றார்கள் என்பது விளங்கிவிடுகிறது. நாட்டின் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதி நெல் விவசாயி, திட்டத்தின் அடையாள அட்டையான தங்க அட்டையைக் காட்டி, மூன்று பத்து பாட் நாணயங்களை மருத்துவமனை முகப்பில் வைத்தால் போதுமென்று ஆனது. அறுவை சிகிச்சைக்காக நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை. விலையைத் திட்டத்தின் பெயரிலேயே பொறித்தது தேர்ந்த வணிகரின் கைவண்ணம். திட்டத்தின் கருவை வளர்த்தெடுத்தவர் மருத்துவர் சங்குவான் நித்தயாரும்போங் என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்களின் நன்றியோ தக்சினுக்கே போனது, 2005 தேர்தலில் 500 இடங்களில் 375 அவர் கட்சிக்குக் கிடைத்தன.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் டயாலிசிஸ் சேர்க்கப்படவில்லை. அரசு மருத்துவர்களின் பணிச்சுமை கூடியது. ஆயினும் சேவை என்ற அளவில் இதை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஏற்கெனவே பணக்காரர் என்பதால் தக்சின் திருட மாட்டார் என்ற நம்பிக்கைதான் 2006-இல் ஆட்டம் கண்டது: அவர் குடும்பம் தன் நிறுவனப் பங்குகளைச் சுமார் 7,300 கோடி பாட்டுக்குச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிற்கு வரி கட்டாமல் விற்றபோது பாங்காக் தெருக்களில் மக்கள் திரண்டனர். செப்டம்பரில் இராணுவம் அவரை அகற்றியது. திட்டம் இன்றும் தொடர்கிறது.