ஊட்டிக் குளிரில் ஐசோஃப்ளூரேன் மயக்க இயந்திரம்: முதுகலை மாணவர்களுக்காக ஒரு மதிப்பீடு

ஆய்வக விலங்கு மருத்துவத்தில் முதுகலை படிப்பவர், தீசிஸுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது என்றால், முதலில் தீர்மானிக்க வேண்டியது மயக்க முறை. கெட்டமின், சைலசின் ஊசி மலிவானதுதான். ஆனால் 2013 முதல் கெட்டமின் ஷெட்யூல் எக்ஸ் மருந்து. உரிமம், பூட்டிய அலமாரி, துளித்துளியாகக் கணக்கு எல்லாம் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சுண்டெலி ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கும். மலைக்குளிரில் அந்த ஒரு மணி நேரமே அதைக் கொன்றுவிடலாம். ஐசோஃப்ளூரேன் மூச்சு வழியாக மயக்கும் ஆவி; இயந்திரத்தின் டயலை மூடிய சில நிமிடங்களில் விலங்கு எழுந்துவிடும்.

இங்கே மதிப்பிடுவது மேசைமேல் வைக்கும் சிறு விலங்கு மாதிரி: டெக்-3 வகை வேப்பரைசர் (திரவத்தை ஆவியாக்கி, டயல் அளவில் வாயுவோடு கலக்கும் பாகம்), வாயு ஓட்டத்தை அளக்கும் ஒரு ஃப்ளோமீட்டர், விலங்கை முதலில் மயக்கும் இண்டக்‌ஷன் பெட்டி, மூக்குக் கூம்பு, வெளியேறும் மயக்க ஆவியை உறிஞ்சும் கரி டப்பா. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் செய்கிறார்கள், உள்ளே இருக்கும் வேலைப்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெயரைவிட இயங்கும் விதம் முக்கியம்.

முதலில் உயரம். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, அதனால் டயலை ஏற்ற வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வாயு மானியில் கூடுதல் சதவீதம் தெரிகிறதே, இறக்க வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். இந்த வகை வேப்பரைசருக்கு இரண்டுமே தவறு. டயல் 2-இல் நின்றால் கடல் மட்டத்தில் ஆவியின் பகுதி அழுத்தம் (மொத்தக் காற்றழுத்தத்தில் அதன் பங்கு) 760-இல் 2 சதவீதம், அதாவது சுமார் 15 மி.மீ. பாதரசம். ஊட்டியில் காற்றழுத்தம் 580 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அதே டயலில் கன அளவில் 2.6 சதவீதம் வெளிவரும், 580-இல் 2.6 சதவீதமும் அதே 15 மி.மீ.தான். மூளைக்கு எட்டுவது சதவீதம் அல்ல, அந்த அழுத்தம். மானியைப் பார்த்து 1.5-க்கு இறக்கினால் தையல் போடும்போது விலங்கு விழித்துக்கொள்ளும். சுண்டெலிக்குச் சமவெளியில் வைக்கும் அதே அளவுகள், அதாவது மயங்கச் செய்ய 3 முதல் 4, நிலைநிறுத்த 1.5 முதல் 2, இங்கேயும் செல்லும். சிரிஞ்சிலிருந்து திரவத்தை நேரடியாகச் செலுத்தும் டிஜிட்டல் மாதிரிகள் வேறு கணக்கில் ஓடுகின்றன; அவை சுற்றுக் காற்றழுத்தத்தைத் தாமே ஈடுசெய்கின்றனவா என்று வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் இங்கே ஏமாற்றுவது குளிர். இந்த வேப்பரைசர்கள் பொதுவாக 15 முதல் 35 டிகிரி வரைதான் வெப்பநிலையை ஈடுசெய்யும். 20 டிகிரியில் ஐசோஃப்ளூரேனின் ஆவியழுத்தம் சுமார் 240 மி.மீ.; குளிரக் குளிர அது வேகமாக விழும். ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் டிசம்பர், ஜனவரி காலையில், அனிமல் ஹவுஸ் அறைக்கு ஹீட்டர் இருக்கும், பக்கத்து அறுவை அறைக்கு இருக்காது. இரவெல்லாம் குளிரில் ஊறிய வேப்பரைசரின் பித்தளைக் கட்டி, அறை சூடான பிறகும் நெடுநேரம் குளிர்ந்தே இருக்கும். டயல் 3 காட்டும், பெட்டிக்குள் எலி சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவர் 5-க்கு ஏற்றுவார். கட்டி சூடேறியதும் அதே 5 முழு வேகத்தில் வரும், மூச்சு நின்றுபோகும். வேலைக்கு இரண்டு மணி நேரம் முன்பே அறையை 22 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், அல்லது வேப்பரைசரை விலங்கு அறையிலேயே வைத்துப் பழகுங்கள். ஹீட்டரை அதன்மேல் நேராகத் திருப்புவது கூடவே கூடாது.

ஆக்சிஜனில் சிக்கனம் வேண்டாம். சிலர் மீன்தொட்டிப் பம்பு போன்ற ஒன்றால் அறைக்காற்றையே ஓட்டுகிறார்கள். ஊட்டிக் காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், கடல் மட்டத்தில் 16 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மயக்கத்தில் மூச்சு மெலிந்த எலிக்கு அது போதாது. பி வகை சிலிண்டர் ஒன்றில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் 25 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் நிரப்பிய சிலிண்டர் மேலே வராது. ஒன்று ஓட்டத்தில், ஒன்று முழுதாகக் கையிருப்பில் இருக்க வேண்டும்.

கூடவே வரும் பாகங்களில்தான் குறைகள் அதிகம். ஃப்ளோமீட்டர் பெரும்பாலும் 0 முதல் 4 லிட்டர் அளவுகோலோடு வருகிறது. சுண்டெலிக்குத் தேவையான அரை லிட்டரை அதில் நம்பிக்கையாகப் படிக்க முடியாது. 0 முதல் 1 லிட்டர் குழாயைக் கேட்டு மாற்றுங்கள். ஆனால் 250 மில்லிக்குக் கீழே இறக்காதீர்கள், அதற்குக் கீழே வேப்பரைசரின் டயலை நம்ப முடியாது. இண்டக்‌ஷன் பெட்டி எப்போதும் தேவைக்குப் பெரிதாகவே தருகிறார்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் 1 லிட்டர் பெட்டி டயல் அளவை எட்ட 3 நிமிடம் ஆகும், 3 லிட்டர் பெட்டிக்கு 9 நிமிடம். அத்தனை நேரம் விலங்கு பயத்திலும் தள்ளாட்டத்திலும் இருக்கும். சுண்டெலிக்கு 1 லிட்டர் பெட்டி தனியாக வாங்குவது வீண்செலவு அல்ல. பி.வி.சி. குழாய்கள் குளிரில் விறைத்து இணைப்பிலிருந்து நழுவுகின்றன. தினமும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்க வேண்டும்.

கரி டப்பாவை வாங்கிய அன்றே எடை போட்டு அதன்மேல் எழுதுங்கள். 50 கிராம் கூடியதும் தூக்கி எறிய வேண்டும். வாசனையை நம்பக் கூடாது, வாசனை வரும்போது நீங்கள் ஏற்கனவே சுவாசித்திருப்பீர்கள். அடியில் துளை உள்ள டப்பாவை மேசையில் தட்டையாக நிறுத்தினால் துளை அடைபட்டு வாயு அறைக்கே திரும்பும். குளிருக்காக ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தும் பழக்கம் இங்கே உண்டு என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

திரவச் செலவை எளிதாகக் கணக்கிடலாம்: லிட்டர் ஓட்டம், டயல் எண், 3 ஆகியவற்றைப் பெருக்கினால் மணிக்கு எத்தனை மில்லி என்று வரும். 1 லிட்டர், டயல் 2 என்றால் 6 மில்லி. 250 மில்லி பாட்டில் ஏறக்குறைய 40 மணி நேரம் தாங்கும்.

இயந்திரம் செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். ஐசோஃப்ளூரேன் வலியைப் போக்காது. கத்தி வைக்குமுன் சுண்டெலிக்கு வலிநீக்கியான மெலாக்ஸிகாம் கிலோவுக்கு 5 மி.கி. தோலடியில் போடுவதையும் எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். உடல்சூட்டையும் அது காக்காது: 37 டிகிரி ஹீட்டிங் பேட், அதன்மேல் மடித்த துணி, கண்ணுக்குக் களிம்பு, எழுந்து நடக்கும் வரை சூடான கூண்டு. முயலை மட்டும் பெட்டியில் அடைக்காதீர்கள். இந்த ஆவியின் நெடிக்கு முயல் மூச்சை அடக்கிக்கொள்ளும், பிறகு திமிறி முதுகெலும்பையே முறித்துக்கொள்ளலாம். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி, அதன் பிறகே முகமூடி.

ஹாலோத்தேன் என்ற முந்தைய மயக்க மருந்துக்கான பழைய வேப்பரைசர் மலிவாகக் கிடைக்கும். இரண்டின் ஆவியழுத்தமும் நெருங்கியவை என்பதால் மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் ஹாலோத்தேன் கெடாமல் இருக்கச் சேர்த்த தைமால் உள்ளே பிசினாகப் படிந்திருக்கும். பிரித்துக் கழுவி, அளவு சரிபார்த்த சான்று இல்லாமல் வாங்க வேண்டாம்.

மலைக்கு இந்த இயந்திரம் தாராளமாக வாங்கத் தக்கது. ஆண்டுக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கக் கோவைக்கோ பெங்களூருக்கோ அனுப்பித்தான் ஆக வேண்டும், அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தீசிஸ் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்குங்கள். அனுப்புமுன் திரவத்தை முழுதும் வடித்துவிடுங்கள். மைசூர்ப் பக்கம் இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவில் சாய்ந்த வேப்பரைசரில் திரவம், ஆவி கலக்காத வாயு செல்லும் பக்கவழிக்குள் ஏறிவிட்டால், முதல் எலிக்கே அளவு மீறிப் போகும். திரும்பி வந்ததும் விலங்கை இணைக்காமல், கையேடு சொல்லும் ஓட்டத்தில் அரை மணி நேரம் வெறுமனே ஓடவிட்ட பிறகே பெட்டியைத் திறங்கள்.