"எல்லாம் செட் ஆகும்" என்று சொல்பவரிடம் கேமிங் பிசி பாகங்கள் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

முதல் கேமிங் பிசியை நானே அசெம்பிள் செய்கிறேன் என்று கிளம்பி, மூன்று வாரம் டிஸ்பிளேயே வராமல், வந்த பிறகு ஆட்டத்தின் நடுவில் அணைந்து அணைந்து, கடைசியில் "ப்ராசசர் பின்னை வளைச்சது நீங்கதான்" என்ற பழியையும் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை இது. நீளமாகத்தான் இருக்கும். பாகங்கள் வாங்கப் போகிறவர்கள் மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஒன்றும் தெரியாமல் போய் ஏமாந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு தாளில் எழுதியே எடுத்துப் போனேன். கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பி550க்கு எதுக்கு தண்டமா காசு போடறீங்க? பி450யும் அதே ஏஎம்4 சாக்கெட்தான், இதே ப்ராசசர் அப்படியே உட்காரும்." 6600 ஸ்டாக் இல்லையாம், 6500 எக்ஸ்டி "கிட்டத்தட்ட அதேதான்"னாம். எஸ்எம்பிஎஸ்ஸை (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) அவரே எடுத்து மேலே வைத்தார், பெட்டியில் 600 என்று கொட்டை எழுத்து, வாட் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான் "சேருமா?" என்று கேட்க, ஒவ்வொன்றுக்கும் "எல்லாம் செட் ஆகும்" என்றார். வீட்டுக்கு வரும்போது என் தாளில் இருந்தவற்றில் மிஞ்சியது ப்ராசசர் மட்டும்தான்.

அன்று ராத்திரியே பூட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, ராமில் லைட் எரிகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. போர்டின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு லைட் ஒன்று, பக்கத்தில் சிபியு (அதாவது ப்ராசசர்) என்று எழுதியிருந்தது, அது மட்டும் அணையவே இல்லை. (எச்டிஎம்ஐ கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகி அரை மணி நேரம் வீணாக்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அங்கே செருகினால் ஜென்மத்துக்கும் படம் வராது.) மறுநாள் ப்ராசசரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பி, செல்போன் டார்ச்சை அடித்து, "இங்க பாருங்க, ஒரு பின் சாஞ்சிருக்கு, வாரண்டி கிடையாது" என்றார். ஏஎம்4 ப்ராசசரில் 1331 பின்கள். நானும் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன், எனக்கு எதுவும் சாய்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றுகொண்டு "இல்லை" என்று அழுத்திச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. முதல் தடவை பூட்டுகிறவனுக்குத் தன் கைமேல்தான் முதல் சந்தேகம் வருகிறது, அதை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

விஷயம் என்னவென்றால், பி450 போர்டுகள் வந்தது 2018இல், 5600 வந்தது 2022இல். சாக்கெட் ஒன்றுதான், உட்காரும்தான், அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தனக்குப் பின்னால் வந்த ப்ராசசரைப் போர்டு அடையாளம் கண்டுகொள்ள பயாஸ் (போர்டு ஆன் ஆனதும் முதலில் ஓடும் அதன் சொந்த சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகியிருக்க வேண்டும், என் தலையில் கட்டியது எத்தனை நாள் அலமாரியில் கிடந்ததோ, பழைய பயாஸோடு இருந்த போர்டு. அட்டைப்பெட்டி மூலையில் "ரைசன் 3000 ரெடி" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை நான் மூன்றாவது வாரத்தில்தான் கவனித்தேன், 5600 சேரும் 5000 வரிசை என்று எங்கும் இல்லை. அப்டேட் செய்ய வேண்டுமென்றால் போர்டு ஆன் ஆக வேண்டும், ஆன் ஆக அதற்குத் தெரிந்த ப்ராசசர் வேண்டும். சில போர்டுகளில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்று ஒரு பட்டன் இருக்கும், ப்ராசசரே இல்லாமல் பென்டிரைவ் வைத்து முடித்துவிடலாம். என் போர்டில் அதுவும் கிடையாது. கூட வேலை பார்க்கும் நண்பர் தன் பழைய ரைசன் 5 2600ஐக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டி, அப்டேட் செய்து, திரும்ப என்னுடையதை மாட்டினார். "சாய்ந்த பின்" உள்ள அதே ப்ராசசர் ஒரே தடவையில் ஆன் ஆனது.

இதை வாங்கும் முன்பே பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான சிபியு சப்போர்ட் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு ப்ராசசருக்கும் நேரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கும். அதே பதிப்போ அதற்குப் பிந்தையதோ போர்டில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள், அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். இன்டெல் பக்கமும் இதே கதைதான், பி660 போர்டில் 13ஆம் தலைமுறை ப்ராசசர் போடுவதென்றால் பயாஸைப் பார்த்தே ஆக வேண்டும், கூடவே அந்த போர்டுக்கான ராம் டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்றும்.

சரி, படம் வந்துவிட்டது. ஆட்டம்? 6500 எக்ஸ்டி போர்டோடு பேசுவது நான்கு பிசிஐஇ லேன்களில்தான் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் ஓடும் பாதைகள்). பிசிஐஇ 4.0 போர்டில் அதனால் பெரிய வலி இல்லை, பி450இல் இருப்பதோ பழைய 3.0, வேகம் பாதி. கார்டில் இருப்பது 4 ஜிபி நினைவகம், அது நிரம்பியதும் சிஸ்டம் ராமுக்கு ஓடும்போது இந்தக் குறுகலான வழியில்தான் ஓட வேண்டும், திரை திக்கித் திக்கி நகரும். போர்டு மலிவு, கார்டும் "கிட்டத்தட்ட அதே", இரண்டையும் சேர்த்து ஒருவன் தலையில் கட்டினால் இதுதான் நடக்கும். இன்றுவரை ஆட்டத்தின் செட்டிங்கில் டெக்ஸ்சரை (படப் பரப்புகளின் நுணுக்கம்) மீடியத்துக்கு மேலே ஏற்றியதில்லை.

அணைகிற வியாதிக்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். பெட்டியில் 600 என்று இருந்ததே, பக்கவாட்டில் ஒட்டிய சின்ன அட்டவணையைப் படித்தால் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். ப்ராசசரும் கார்டும் கிட்டத்தட்ட முழுதாகச் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான், கார்டு 107 வாட், ப்ராசசர் லோடில் 76 வாட், அப்புறம் ஃபேன்கள், போர்டு. மூச்சு விட இடமே இல்லை. அதில் கிராபிக்ஸ் கார்டுக்கென்று 6 பின் கேபிள்கூட கிடையாது, கடைக்காரர் ஒரு மோலெக்ஸ் (பழைய ஹார்டு டிஸ்க் வகை பிளக்) அடாப்டரை "இலவசமா" கொடுத்தார், எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. தயவுசெய்து அப்படி அடாப்டர் தேவைப்படும் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்காதீர்கள். லோடிங் முடிந்து ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து டப்பென்று அணையும். நாலாவது நாள் லேசாக பிளாஸ்டிக் வாசனை வந்தது, அன்றே பிடுங்கிவிட்டேன்.

ராமும் 8 ஜிபி இரண்டாக இல்லாமல் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகத் தந்தார், டூயல் சேனல் (இரண்டு குச்சிகள் சேர்ந்து வேகம் கூட்டுவது) போச்சு. அதை விடுங்கள், இன்னொன்று வாங்கிச் சரிசெய்துவிடலாம்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் ஒரே ஒரு வரி: "அசெம்பிள்டு சிபியு – 1". மாடல் பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, பூட்டியதே நான்தான் என்பதுகூட இல்லை. "இந்த எஸ்எம்பிஎஸ் எங்க கடையில வாங்கினதுன்னு எப்படித் தம்பி சொல்றீங்க?" என்றார், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வரியாக, மாடலும் சீரியல் நம்பரும் போட்டு பில் வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் அப்படியே வெளியே வந்துவிடுங்கள். அட்டைப்பெட்டிகளையும் தூக்கிப் போடாதீர்கள். நான் பாதியைப் போட்டுவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிய பிறகு பிசி அணைவதில்லை. அந்த இலவச அடாப்டரை மட்டும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன், வெள்ளை முனை ஒரு பக்கம் பழுத்து மஞ்சளாகி, ஒரு ஓட்டை கொஞ்சம் உருகி உள்ளே சாய்ந்திருக்கிறது.